உங்ககிட்ட அந்தப் பாட்டு இருக்கா?

"உங்ககிட்ட அந்தப் பாட்டு இருக்கா?" இசைப் பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு காலத்தில் முதலில் வரும் கேள்வி இதுதான். இருக்கு என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி, "தர்றீங்களா?" இன்றைக்கு யாரும் இப்படிக் கேட்பதில்லை. "லிங்க் அனுப்புங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எல்லோரிடமும் எல்லாப் பாட்டும் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. ஆனால் இந்த இடைப்பட்ட காலத்தில் 'இருக்கு' என்ற சொல்லின் அர்த்தமே மாறிவிட்டது. தட்டு வைத்திருப்பவர் சொல்லும் 'இருக்கு' வேறு, கணினியில் கோப்பாக வைத்திருப்பவர் சொல்வது வேறு, மாதச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர் சொல்வது வேறு. இந்த மூன்று 'இருக்கு'களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், இசைச் சேகரிப்பு இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

தட்டில் இருந்தபோது

ஆல்பம் என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய பழைய அரக்குத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பதிய முடியும். நீளமான இசைக்கோவை ஒன்றை விற்க நாலைந்து தட்டுகள் தேவை. தாள் உறைகள் வைத்துத் தைத்த கெட்டி அட்டைப் புத்தகத்தில் அவற்றைச் செருகி விற்றார்கள். பார்க்க போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் பெயரும் அதுவே ஆனது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் எல்பி தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. புத்தகம் முழுக்க ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. செல்போன் திரையில் இன்று நாம் 'ஆல்பம்' என்று தட்டுவது அந்தத் தாள் உறைப் புத்தகத்தின் பெயரைத்தான்.

எல்பி வாங்குபவர் வாங்கத்தான் முடியும், பதிய முடியாது. அதை மாற்றியது 1963-இல் பிலிப்ஸ் வெளியிட்ட கேசட். பெரிய சுருள்களில் ஓடும் ஸ்பூல் டேப் அதற்கு முன்பே இருந்தாலும், வீட்டில் இருக்கும் யாரும் பட்டனை அழுத்திப் பதியலாம் என்கிற அளவுக்கு விஷயத்தை எளிதாக்கியது கேசட்தான். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30, 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45. ஏ பக்கத்தில் நாலு நிமிடம் மிச்சம், கையில் இருக்கும் பாட்டு நாலரை நிமிடம் என்றால் பாட்டு பாதியில் அறுந்துவிடும். அதனால் முதலில் தாளில் கூட்டிக் கழித்து, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது என்று தீர்மானித்துவிட்டு, அப்புறம்தான் ரெக்கார்டு, பிளே இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்துவோம். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகு விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிட்டால், அதன்மேல் வேறு யாரும் எதையும் பதிந்துவிட முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டினால் போதும், கேசட் மறுபடியும் பதியத் தயார். அன்றைய பூட்டு இவ்வளவுதான். போடுவதும் எடுப்பதும் நம் கையில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1982-இல் சோனி, பிலிப்ஸ் இரண்டும் சேர்ந்து உருவாக்கிய சிடி விற்பனைக்கு வந்தது. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதிவைத்த தட்டு அது. அதில் ஒரு விநோதம் உண்டு. பெரும்பாலான சிடிகளுக்குள் பாட்டின் பெயரே கிடையாது. கணினியில் போட்டால் 'டிராக் 01', 'டிராக் 02' என்றுதான் காட்டும். 90-களில் சிடிடிபி என்று ஒரு இணையத் தரவுத்தளம் வந்தது. ஒவ்வொரு பாட்டும் தட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்வரிசையை வைத்து, இது இன்ன சிடி என்று அது அடையாளம் கண்டுபிடிக்கும். பெயர்களைத் தட்டச்சு செய்து ஏற்றியவர்கள் முகம் தெரியாத ரசிகர்கள். என் கணினியில் ஒரு ஆல்பம் முழுக்க இன்றும் யாரோ ஒருவர் செய்த எழுத்துப் பிழையோடு இருக்கிறது. திருத்த மனசு வரவில்லை.

தட்டோ கேசட்டோ சிடியோ, பொருளாக இருந்தவரை அது சில வேலைகளை நாம் கேட்காமலே செய்துகொண்டிருந்தது. காசுக்கும் அலமாரிக்கும் அளவு இருந்ததால் எதை வாங்குவது, எதை விடுவது என்று நம்மை யோசிக்கவைத்தது. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால், மறந்துபோன பாட்டை அதுவாக ஞாபகப்படுத்தியது. இரவல் கொடுக்கலாம், விற்கலாம், யாருக்காவது விட்டுவிட்டுப் போகலாம். இதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. ஒரு பிரதியை விற்றபின் அந்தப் பிரதி மேற்கொண்டு யார் கைக்குப் போகிறது என்பதில் விற்றவர் தலையிட முடியாது என்று 1908-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒரு புத்தகத்தைப் பற்றிய வழக்கு. பழைய தட்டுக் கடைகளும் இந்த ஏற்பாட்டின்மேல்தான் நடந்தன.

கோப்பாக மாறியபோது

சிடியில் ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் ஆகும். 90-களின் இணைய வேகத்தில் அதை அனுப்புவது நடக்காத காரியம். எம்பி3 இதற்கு ஒரு வழி கண்டது. பெரிய முரசு ஒன்று அதிரும் அதே நொடியில், அதை ஒட்டி ஒலிக்கும் மெல்லிய சத்தம் நம் காதில் விழுவதில்லை. விழாததை எதற்குச் சேமிக்க வேண்டும்? இப்படிக் காதுக்கு எட்டாதவற்றைக் கழித்துக்கட்டி, நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். எவ்வளவு சுருக்கினால் காது கண்டுபிடிக்கும் என்பது தனி விவாதம், இங்கே வேண்டாம்.

1999-இல் நாப்ஸ்டர் வந்தது. யாரோ ஒருவரின் கணினியில் இருக்கும் பாட்டை உலகின் இன்னொரு மூலையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வழக்குகளில் சிக்கி 2001-இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டு கடைசியில் ஆப்பிளின் கையடக்கப் பாட்டுப்பெட்டியான ஐபாட் வந்தது, 5 ஜிகாபைட்டில் ஆயிரம் பாட்டு என்ற விளம்பரத்தோடு. 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். ஆல்பத்தைப் பிரித்துத் தனிப் பாட்டாக வாங்கலாம் என்ற பழக்கம் அங்கேதான் ஊன்றியது.

இந்தக் காலத்தில் சேகரிப்பவர் பாதி ரசிகர், பாதி குமாஸ்தா. ஒரே பாடகர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகப் பட்டியலில் நிற்பார். ஆண்டு தப்பாக இருக்கும், அட்டைப்படம் வேறு யாருடையதாகவோ இருக்கும். கோப்புக்குள்ளேயே பெயர், ஆல்பம், ஆண்டு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் டேக் என்ற ஏற்பாட்டின் முதல் வடிவத்தில் பெயருக்கு 30 எழுத்துக்குமேல் இடமே இல்லை. நீளமான தலைப்பெல்லாம் வால் அறுந்து தொங்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து இதைச் சரி செய்தவர்கள் எத்தனையோ பேர். அலுப்பான வேலைதான். ஆனால் அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பூட்டு பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. விற்ற கோப்பை வாங்கியவர் மட்டுமே கேட்க வேண்டும் என்று டிஆர்எம் என்ற மின்னணுப் பூட்டைப் போட்டார்கள். கணினியை மாற்றினால், நிறுவனத்தின் சர்வரிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். 2008-இல் மைக்ரோசாஃப்ட், யாகூ இரண்டும் தங்கள் பழைய இசைக் கடைகளின் உரிமச் சர்வர்களை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதுதான் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு உறைத்தது. பாட்டு நம் கணினியில் இருக்கிறது, சாவி அவர்கள் வீட்டில் இருக்கிறது. எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் கெடுவைத் தள்ளிவைத்தது, யாகூ இழப்பீடு தர முன்வந்தது. 2009-இல் ஐடியூன்ஸ் பாட்டுகளிலிருந்து பூட்டு எடுக்கப்பட்டது. கேசட்டின் பிளாஸ்டிக் தகடு ஞாபகம் வருகிறதா?

பூட்டு போனாலும் இன்னொரு சிக்கல் தீரவில்லை. வாங்கிய கோப்பைப் பழைய தட்டு மாதிரி விற்கலாமா? ரீடிஜி என்ற நிறுவனம் அதற்கு ஒரு சந்தையையே திறந்தது. கோப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுவது என்றால் புதுப் பிரதி ஒன்றை உருவாக்குவதுதான், அதனால் கூடாது என்று 2013-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஆக, இரண்டாவது 'இருக்கு' முதல் 'இருக்கு'வைவிட ஒரு படி கீழே. வைத்துக்கொள்ளலாம், கைமாற்ற முடியாது.

ஸ்ட்ரீமிங்கில் 'இருக்கு' என்றால்

ஸ்பாட்டிஃபை 2008-இல் சேவையைத் தொடங்கியது. ஆப்பிள் மியூசிக் 2015-இல் வந்தது. தன்னிடம் 10 கோடி பாட்டு இருப்பதாக 2022-இல் அது அறிவித்தது. பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தூங்காமல் கேட்டாலும் முடிக்க 570 வருஷம் ஆகும்.

நீங்கள் ஒரு பாட்டின் பக்கத்தில் இருக்கும் இதயக் குறியைத் தொடுகிறீர்கள். 'லைப்ரரியில் சேர்க்கப்பட்டது' என்று வருகிறது. உள்ளே என்ன நடந்தது? பாட்டு எதுவும் எங்கும் நகரவில்லை. உங்கள் கணக்குக்கு நேராக அந்தப் பாட்டின் எண் ஒன்றை நிறுவனத்தின் தரவுத்தளம் குறித்துக்கொண்டது, அவ்வளவுதான். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்ட் ஒரு முகவரிப் புத்தகம். இருநூறு முகவரிகள் எழுதி வைத்திருக்கலாம். அதற்காக இருநூறு பேரும் உங்கள் வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று ஆகாது. யாராவது வீடு மாறிப்போனால், புத்தகத்தில் இருப்பது வெறும் எழுத்து.

"நான் டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேனே" என்பீர்கள். அந்தக் கோப்பு உங்கள் போனில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் செயலிக்கு வெளியே அது திறக்காது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லையென்றால் இறக்கிய பாட்டுகள் ஓடாது. சந்தா நின்றால் அதுவும் நின்றது.

ஒரு நாள் காலையில் என் பழைய பட்டியல் ஒன்றைத் திறந்தேன். பதினோரு பாட்டுகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பெயர் தெரிகிறது, தொட்டால் அசைவில்லை. அறிவிப்பும் இல்லை, காரணமும் இல்லை. எப்போது போயின என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பட்டியலை நான் திறந்தே ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. 'உயிருக்கு உயிரான பாட்டுகள்' என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர் வைத்திருந்தேன்.

இப்படி ஆவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. பாட்டின் உரிமை வேறு நிறுவனத்துக்குக் கைமாறும். ஒப்பந்தக் காலம் முடியும். ஒரு நாட்டில் உரிமை இருக்கும், பக்கத்து நாட்டில் இருக்காது. கலைஞரே எடுத்துவிடுவதும் உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட் 2014-இல் தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்தார், 2017-இல் திரும்பிவந்தார். நீல் யங் 2022-இல் போய் 2024-இல் திரும்பினார். சில இசை உள்ளே வரவே பல வருஷம் பிடித்தது. பீட்டில்ஸ் 2015 டிசம்பரில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தார்கள். டி லா சோல் குழுவின் ஆரம்ப கால ஆல்பங்கள் 2023-இல் வந்தன. பிறருடைய பாட்டுத் துணுக்குகளை வெட்டி ஒட்டிச் செய்த இசை அது. ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதி வாங்கித் தீர்க்க அவ்வளவு நாள் ஆனது. அந்த இடைவெளியிலெல்லாம் பழைய சிடி வைத்திருந்தவர்கள் தங்கள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காணாமல் போவதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. பாட்டு அங்கேயே இருக்கும், ஆனால் பழைய பாட்டாக இருக்காது. 2022-இல் பியான்சே தன் புது ஆல்பத்தில் ஒரு பாட்டில், புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டார். எடுத்தது நியாயமா என்பது வேறு பேச்சு. ஸ்ட்ரீமிங்கில் ஒரே இரவில் எல்லோருடைய லைப்ரரியிலும் மாற்ற முடிகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதேபோல, ஒலியை மறுசீரமைத்த புதுப் பதிப்பு வந்ததும் பழைய பதிப்பு சத்தமில்லாமல் விலகிக்கொள்வதும் உண்டு. பழைய ஒலிக்குப் பழகிய காதுக்கு மட்டும் ஏதோ இடறும். அச்சாகிவிட்ட தட்டை இப்படி யாரும் திருத்த முடியாது. நல்லதற்கும் முடியாது, கெட்டதற்கும் முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஸ்ட்ரீமிங்குக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கேட்பதில் பத்தில் ஒன்பது பங்கு நானும் அதில்தான் கேட்கிறேன். பெயர் கேள்விப்பட்ட ஐந்து நொடியில் பாட்டைக் கேட்க முடிவது சாதாரண விஷயம் இல்லை. எல்பி என்கிற வினைல் தட்டில்தான் உண்மையான ஒலி என்று சிலர் சாமியாடுவதும் எனக்கு ஒத்துவராது. அமெரிக்காவில் 2022-இல் எல்பி விற்பனை, எண்ணிக்கையில் சிடியைத் தாண்டியது. 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தட்டைக் கையில் பிடிக்கும் சுகத்துக்காக வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் தரம் குறையாத ஸ்ட்ரீமிங்குக்கும் சிடிக்கும் ஒலியில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் சாவி யார் கையில் என்பதில்தான்.

அப்படியென்றால் சேகரிப்பது எப்படி

முன்பு தேர்ந்தெடுப்பது, வைத்துக்கொள்வது என்ற இரண்டு வேலைகளும் ஒன்றாக நடந்தன. கடையில் காசைக் கொடுத்த நொடியில் இரண்டும் முடிந்தன. இப்போது அவை தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவிட்டன. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். இதயக் குறியைத் தொட்டதோடு இரண்டும் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் முதல் வேலைகூட பாதிதான் முடிந்திருக்கிறது.

தேர்ந்தெடுப்பதற்கு ஸ்ட்ரீமிங்கே போதும். ஒரு பாட்டு பிடித்தால் பட்டியலில் சேருங்கள். கூடவே அந்தப் பட்டியலைச் செயலிக்கு வெளியே, சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், ஆண்டு, எந்தப் பதிப்பு, அப்புறம் யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி விளையாட்டுக்குச் சொன்னதில்லை. தட்டின் உறையில் கடை முத்திரையும் தேதியும் இருந்த மாதிரி, அந்தப் பாட்டு உங்களிடம் வந்து சேர்ந்த கதை அதில் இருக்கும். பதிப்பைக் குறிப்பதும் முக்கியம். ஒரே பாட்டின் ஸ்டுடியோ பதிவும் மேடைப் பதிவும் வெவ்வேறு பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து அடையாளக் குறியீடு உண்டு. அதுவும் கிடைத்தால் எழுதிவையுங்கள், பின்னால் தேடும்போது குழப்பம் வராது.

வைத்துக்கொள்வதற்கு எல்லாப் பாட்டையும் வாங்க வேண்டியதில்லை. 'நாளைக்கே இது சாம்பல் நிறமாகிவிட்டால் தேடி அலைவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். அலைவேன் என்று தோன்றுகிற பாட்டுகள் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவற்றை சிடியாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ வாங்குங்கள். பேண்ட்கேம்ப் மாதிரியான தளங்களில் பூட்டில்லாத கோப்பாகவே விற்கிறார்கள். கையில் இருக்கும் சிடிகளைக் கணினியில் ஏற்றினால் ஃபிளாக் வடிவத்தில் ஏற்றுங்கள். எம்பி3 மாதிரி அது எதையும் கழிப்பதில்லை, சுருட்டி வைக்கிறது. விரித்தால் சிடியில் இருந்தது அப்படியே வரும். இடம் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். ஒரு டெராபைட் வட்டில் இரண்டாயிரம் சிடிக்குமேல் அடங்கும். சொந்த சிடியைச் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரதியை நம்பாதீர்கள். எனக்கு ஹார்டு டிஸ்க் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போனது. ஆறு வருஷத்து டேக் வேலையும் அதோடு போனது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று கணினிக்காரர்கள் சொல்லும் வழக்கத்தை அதற்கப்புறம்தான் மதிக்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில் எரித்த, அதாவது கணினியில் நாமே பதிந்த சிடிகளையும் நம்ப வேண்டாம். ஆலையில் அச்சான சிடியில் தகவல் குழிகளாக இருக்கிறது. வீட்டில் எரித்ததில் சாயப் பூச்சில் இருக்கிறது, அந்தச் சாயம் வெளிறும்.

எதை முதலில் காப்பாற்றுவது என்று கேட்டால், புகழ்பெற்ற ஆல்பங்களை அல்ல என்பேன். அவை எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும். வானொலியிலிருந்து பதிந்தது, சிறு குழு ஒன்று நூறு பிரதி மட்டும் போட்டது, தெரிந்தவர் பாடி வீட்டில் பதிந்தது, இவைதான் முதலில். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். சர்வர் மாற்றும்போது, 2015 வரை 12 ஆண்டுகளில் பயனர்கள் ஏற்றிய இசை அழிந்துபோனது 2019-இல் வெளியே தெரிந்தது. 5 கோடிக்கும் அதிகமான பாட்டுகள் என்று சொன்னார்கள். பெரும்பாலும் பெயர் தெரியாத சின்னக் குழுக்கள். அதில் சுமார் 4,90,000 பாட்டுகள் மட்டும் திரும்பக் கிடைத்தன. யாரோ ஆய்வுக்காக முன்பே இறக்கி வைத்திருந்தார்கள், அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன.

என்னுடைய பதினோரு பாட்டுகளில் ஆறு பழைய சிடிகளாகக் கிடைத்தன. மூன்றைப் பாடியவர்களே கோப்பாக விற்றுக்கொண்டிருந்தார்கள். மீதி இரண்டும் எங்கேயும் இல்லை. பழையபடி பார்க்கிறவர்களிடமெல்லாம் "உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒருவர், "பரண்ல ஒரு பெட்டி கேசட் கிடக்கு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார்.